பெரிய டயர் போடும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

பிக்கப் வண்டி வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. பின்பக்கம் கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டை, நான்கு சக்கரத்திலும் கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் என்று மாற்றிவிடுகிறார்கள். லோடு ஓட்டுபவர் பாரத்துக்காக உயர்த்துகிறார், மலைப்பாதைக்கு ஆசைப்பட்டு வாங்கியவர் தோற்றத்துக்காக உயர்த்துகிறார். "ஒண்ணும் ஆகாதுண்ணே, எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க" என்று பட்டறையில் சொன்னதுதான் இருவருக்கும் கையில் இருக்கும் ஒரே உத்தரவாதம். விபத்து நடந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படிக்கும்போது அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பே இல்லை. அதன் பிறகு உதவி கேட்டு ஓடி வருபவர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டயர் ஒரு மாற்றம், உயரம் இன்னொரு மாற்றம். "டயர் அளவு ஆர்.சி.யில் எங்கே இருக்கிறது?" என்று சிலர் வாதாடுகிறார்கள். சரக்கு வண்டியைப் பதிவு செய்யக் கொடுக்கும் படிவம் 20-லேயே டயரின் எண்ணிக்கை, அளவு, பிளை எல்லாம் கேட்கப்படுகின்றன.

அபராதத்தைவிட ஆபத்து பெரிது. 255/60 ஆர்18 டயர் உள்ள பிக்கப்பில் 265/70 ஆர்18 போட்டால், சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 763 மில்லிமீட்டரிலிருந்து 828 ஆகிவிடும். துல்லியமாக இருந்த மீட்டர் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 87-இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கோ பழைய சக்கரத்துக்கு அமைத்த அதே பிரேக்.

இதைவிட மோசமானது, கண்ணுக்கே தெரியாத ஒரு கோளாறு. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே எல்.எஸ்.பி.வி. என்ற வால்வு இருக்கும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் அந்த வால்வின் கம்பி நகரும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பட்டை சேர்த்து வண்டியை உயர்த்திவிட்டால், முழு லோடு இருக்கும்போதும் அந்த வால்வு வண்டி காலி என்றே கணக்கிடும். பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். உயர்த்துகிற பட்டறையில் அதைத் திருத்தி அமைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. முன்பக்கமும் உயர்ந்தால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் போய் அடிக்கும். இன்னொன்று: பட்டை சேர்ப்பதால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது. கூடுதல் லோடு ஏற்றினால் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

சரி, மாற்றியே ஆக வேண்டுமென்றால்? ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கையேட்டையும் முதலில் பாருங்கள். தயாரிப்பாளரே உங்கள் மாடலுக்கு அனுமதித்த அளவு அங்கே இருக்கும். பாரக் குறியீடும் வேகக் குறியீடும் அதற்குக் குறையாத டயரையே வாங்குங்கள். அந்த அளவைத் தாண்டவோ, உயரத்தைக் கூட்டவோ நினைத்தால், பட்டறைக்குப் போகும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், முன்பே. பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கென்று தனிச் சேவை இருக்கிறது. கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வாங்குங்கள். அனுமதி கிடைத்து மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், மாற்றாதீர்கள்.

ஆர்.டி.ஓ. கவுன்டரில் "இதெல்லாம் இங்கே செய்யறதில்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு விண்ணப்பத்தை வாங்கிப் பதில் எழுதுவதில் இவர்களுக்கு என்ன சிரமம் என்று புரியவில்லை. விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி அதன் நிலையைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும்.

ஆர்.டி.ஓ. அனுமதியோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தனியாக எழுதி, மாற்றத்தைப் பாலிசியிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஏஜென்ட்டிடம் போனில் சொன்னது ஆதாரமாகாது. இதைத்தான் பலரும் விடுகிறார்கள், இதில்தான் பலருடைய கிளெய்ம் விழுகிறது.

ஏற்கெனவே கிளெய்மை மறுத்துவிட்டார்களா? மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்றால், உதாரணமாக நின்றிருந்த வண்டியைப் பின்னால் இன்னொருவர் இடித்திருந்தால், அதைத் தெளிவாக எழுதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தியில்லை என்றால், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பை விசாரிப்பார்கள். ஆனால் அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள். ஆகவே எங்கே போவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் டயரில் உள்ள எண்ணையும் கதவு ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பின்னால் குனிந்து பட்டைகளை எண்ணுங்கள். வித்தியாசம் இருந்தால், விற்பவர் செலவிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்துவிட்டால், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் ஆய்வாளர் கேட்பது உங்களைத்தான்.