கிண்ணத்தின் உட்சுவர்: முன்வார்ப்பு அஸ்திவாரத்தில் விற்பனையாளர் பேசாத இடம்

ஆவணியின் கடைசி முகூர்த்தங்கள் நெருங்கும்போது, மனை வாங்கி வைத்திருப்போரின் கையில் மிஞ்சும் நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகிவிடுகின்றன. புரட்டாசியில் வாஸ்து நாள் இல்லை என்பதால் பலரும் அம்மாதத்தில் வேலை தொடங்குவதில்லை, ஐப்பசியோ அக்டோபர் 20 வாக்கில் இறங்கும் வடகிழக்குப் பருவமழையோடு பிறந்து, தோண்டிய வானத்தையெல்லாம் குளமாக்கிவிடுகிறது. இரண்டே நாளில் அஸ்திவாரம் தயார் என்னும் முன்வார்ப்பு விளம்பரங்கள் இந்த இடுக்கில்தான் வந்து நிற்கின்றன. அவற்றைக் குறித்து வாசகர்கள் எழுதும் கடிதங்களில் மூன்று குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: சிலர் இதை பிரீகாஸ்ட் காம்பவுண்டுச் சுவரின் தூண்களோடு ஒன்றாக எண்ணுகின்றனர், சிலர் பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடிகளை இதற்குச் சான்றாகக் கொள்கின்றனர், இன்னும் சிலர், கான்கிரீட்டின் தரம் உயர்ந்தால் ஃபுட்டிங்கின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நம்புகின்றனர்.

தொழிற்சாலையில் முழுமையாகத் தயாரான அடித்தளம் என்று விற்பனைத் தாள்கள் விவரிப்பதைச் சற்றே திருத்தி வாசிக்க வேண்டியுள்ளது. ஆலையில் தயாராவன இரண்டு துண்டுகள்: மண்ணில் அமர்ந்து சுமையைப் பரப்பும் அகன்ற பீடமாகிய ஃபுட்டிங் ஒன்று, அதன் மேல் நின்று பிளிந்த் பீமைத் தாங்கும் குட்டைத் தூண் மற்றொன்று. இவ்விரண்டும் மனைக்கு வந்து, ஒன்றோடொன்றும் மண்ணோடும் பிணைக்கப்பட்ட பிறகே அஸ்திவாரம் என்ற பெயருக்கு உரியவையாகின்றன. அந்தப் பிணைப்பு நிகழும் இரண்டு இடங்களையும் ஆலையின் தரக்கட்டுப்பாடு எட்டுவதில்லை. பீம், கம்பிக்கட்டு, ஷட்டரிங் ஆகியவற்றை வீடு கட்ட இறங்கும் எவரும் ஒரு வாரத்தில் மேஸ்திரியிடமே கற்றுக்கொண்டுவிடுவர் என்பதால் அவை இங்கே விரிக்கப்படவில்லை.

எம்40 என்று தாளில் அச்சாகும் எண், 150 மில்லிமீட்டர் கனசதுரமாக வார்த்து 28 நாள் நீரில் ஊறவைத்த மாதிரிக் கட்டிகள், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் அழுத்தம் வரை நொறுங்காமல் தாங்கும் என்பதையும், அந்த அளவுக்குக் கீழே போகும் முடிவுகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இரா என்று எதிர்பார்க்கப்படுவதையும் குறிக்கிறது. அது கலவையைப் பற்றிய கூற்று. அக்கலவையால் வார்த்த பீடத்துக்குக் கீழே கிடக்கும் மண்ணைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரு தூணில் 20 டன் சுமை இறங்குகிறது, மண் ஒரு சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்றால், கான்கிரீட் எந்தத் தரமாயினும் பீடத்துக்கு 1.33 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு வேண்டும். பீடத்தின் சொந்த எடையையும் சேர்த்தால் அது 1.2 மீட்டர் சதுரத்தைத் தொட்டுவிடும். மண் 10 டன் மட்டுமே தாங்கும் இடத்தில் அதே தூணுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் சதுரம் தேவைப்படும். உயர்தரக் கான்கிரீட்டால் பீடத்தின் கனத்தைச் சிறிது குறைக்க இயலுமே தவிர, மண்ணின் தாங்குதிறனை அது ஓர் அணுவும் கூட்டுவதில்லை.

பரப்பைச் சுருக்கும் ஆசைக்கு வேறொரு காரணம் உண்டு. கம்பி சேர்ந்த கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ எடையுள்ளது, 1.2 மீட்டர் சதுரமும் 300 மில்லிமீட்டர் கனமும் கொண்ட பீடம் 1,080 கிலோ, 1.5 மீட்டர் சதுரமும் 400 மில்லிமீட்டர் கனமும் கொண்டது 2,250 கிலோ. லாரியும் கிரேனும் நுழைய முடியாத தெருவில் இக்கணக்கே விற்பனையாளரின் முதல் தடையாக இருப்பதால், பீடம் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று கேட்கும்போது, விடை மண் பரிசோதனை அறிக்கையிலிருந்து வருகிறதா அல்லது கிரேனின் வாடகையிலிருந்து வருகிறதா என்பதைக் கவனிப்பது நல்லது.

இந்த முறையின் உண்மையான நுட்பமும் உண்மையான கவலையும் ஒரே இடத்தில், தூண் பீடத்தைச் சந்திக்கும் மூட்டில் இருக்கின்றன. மனையிலேயே வார்க்கும் வழக்கமான முறையில், பீடத்தின் அடிவலையிலிருந்து எல் வடிவில் வளைத்து எழுப்பிய கம்பிகள் தூணுக்குள் ஏறுகின்றன. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, இவ்வாறு மூட்டைக் கடக்கும் கம்பிகளின் மொத்தப் பரப்பு தூணின் குறுக்குப் பரப்பில் 0.5 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும், கம்பிகள் நான்குக்குக் குறையலாகாது என்றும் வரையறுக்கிறது. 300 மில்லிமீட்டர் சதுரத் தூணுக்கு இது 450 சதுர மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் கம்பி நான்கு வைத்தால் 452 கிடைக்கிறது. கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய இந்த எளிய காப்பு, முன்வார்ப்பு முறையில் பெரிதும் கையாளப்படும் கிண்ண மூட்டில் அறவே இல்லை.

தொழிலில் சாக்கெட் என்றும் பாக்கெட் என்றும் வழங்கும் இக்கிண்ணம், பீடத்தின் நடுவில் வார்க்கும்போதே விடப்படும் ஒரு குழியாகும். தூணின் அடி அதற்குள் இறக்கப்பட்டு, நான்கு பக்கமும் சுமார் 50 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க ஆப்புகளால் இறுக்கி, தூக்குக்குண்டால் நேர் பார்த்த பின், இடைவெளியில் கிரவுட் எனப்படும் நீர்த்த சிமென்ட் கலவை ஊற்றப்படுகிறது: முதலில் ஆப்புகளின் அடிவரை, அது இறுகி ஆப்புகளை உருவிய பின் மீதி. பீடத்திலிருந்து தூணுக்கோ தூணிலிருந்து பீடத்துக்கோ ஒரு கம்பிகூடக் கடப்பதில்லை. தூணின் சுமையில் ஒரு பகுதி அதன் அடிப்பரப்பின் வழியாகவும், மறுபகுதி பக்கங்களில் உள்ள கிரவுட்டின் பற்றுதலாலும் உராய்வாலும் பீடத்துக்குச் செல்கிறது. தூணைச் சாய்க்க முனையும் விசையோ, பந்தற்காலின் தலையைத் தள்ளும்போது அதன் மேற்பகுதி குழியின் ஒரு விளிம்பையும் அடிநுனி எதிர் விளிம்பையும் நெருக்குவதுபோல, இரு எதிரெதிர் அழுத்தங்களாகப் பிரிந்து கிண்ணத்தின் சுவர்களைத் தாக்குகிறது.

தூண் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது இவ்வழுத்தங்களின் அளவைத் தீர்மானிக்கிறது. கணக்கின் பொருட்டு, தூணின் அடியில் 1.5 டன்-மீட்டர் சாய்வுத்திருப்பம் வருவதாகவும், இரு அழுத்தங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு பதிப்பாழத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றும் வைத்துக்கொண்டால், 450 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சுவரும் 5 டன் நெருக்குதலைத் தாங்க வேண்டும். ஆழம் 225 மில்லிமீட்டராகப் பாதியாகும்போது அது 10 டன்னாக இரட்டிக்கிறது. கிண்ணச் சுவரின் மேல்விளிம்பைச் சுற்றிக் கிடைமட்டக் கம்பி வளையங்கள் போதுமான அளவு இல்லையெனில், அச்சுவர் மூலைகளில் பிளந்து கொடுக்கும். ஆழம் குறைந்த கிண்ணம் பீடத்தின் கனத்தையும் எடையையும் குறைக்கிறது என்பதால், இங்கும் கிரேன் வாடகையின் நிழல் விழாமல் இல்லை.

இதைவிட விந்தையானது உட்சுவரின் தன்மை. ஐரோப்பிய நாடுகளின் பொது விதித்தொகுப்பான யூரோகோட் 2, கிண்ண மூட்டுகளை இரு வகையாகப் பிரிக்கிறது. உட்சுவரும் தூணின் அடிப்பக்கமும் வேண்டுமென்றே பள்ளமும் மேடுமாக, பல்லோடு பல் பொருந்துமாறு வார்க்கப்பட்டிருந்தால், இறுகிய கிரவுட் அவற்றைக் கவ்விக்கொள்ள, தூணும் பீடமும் ஒரே வார்ப்பாகச் செயல்படுவதாகக் கருதி வடிவமைக்கலாம். அப்போதும், தூண் கம்பிக்கும் கிண்ணச் சுவரின் கம்பிக்கும் நடுவே விலகல் இருப்பதால், கம்பிகள் ஒன்றையொன்று கடந்து நிற்கும் நீளத்தை அவ்விலகலுக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். பரப்புகள் வழவழப்பாக இருந்தால் அந்த உரிமை கிடையாது. உராய்வை மட்டும் நம்பிக் கணக்கிட வேண்டும், பதிப்பாழமும் தூணின் அகலத்தைப்போல் 1.2 மடங்குக்குக் குறையக்கூடாது, அதாவது 300 மில்லிமீட்டர் தூணுக்கு 360. வெளித்தோற்றத்தில் இரட்டையர்போல் நிற்கும் இரு பீடங்கள், உள்ளே நெளிதகட்டு அச்சு வைக்கப்பட்டதா அல்லது மழமழப்பான எஃகு அச்சு வைக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து இரு வேறு கட்டமைப்புகளாகிவிடுகின்றன. பூச்சே தேவைப்படாத கண்ணாடி வழவழப்பு என்று விளம்பரங்கள் பெருமை கொள்ளும் அதே குணம், கிண்ணத்துக்குள் குறையாக மாறுகிறது என்பது இத்தொழிலின் வேடிக்கை.

கிரவுட்டின் கதையும் இதை ஒட்டியதே. சாதாரணச் சிமென்ட் கலவை உலரும்போது சுருங்கிச் சுவரை விட்டு மயிரிழை விலகுவதால், சுருங்காத வகைக் கிரவுட் பயன்படுத்தப்பட வேண்டும். ஆனால் மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சாம்பல் நிறமே, அடியில் வெற்றிடம் இருந்தாலும் மேற்பரப்பு அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. 1968 மே 16 அன்று லண்டனில் வாயுக் கசிவால் நேர்ந்த வெடிப்பில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடி முன்வார்ப்புக் கட்டடத்தின் ஒரு மூலை சரிந்து நால்வர் இறந்தனர்; 1986இல் அக்கட்டடம் பிரிக்கப்பட்டபோது, பலகங்களுக்கு இடையிலான மூட்டுகள் ஒழுங்காக நிரப்பப்படாமலே இருந்தது வெளிப்பட்டது. 2001 ஜனவரி 26 கட்ச் நிலநடுக்கத்தில் முன்வார்ப்புப் பாகங்களால் ஆன ஒற்றை மாடிப் பள்ளிக் கட்டடங்கள் சரிந்ததற்கும் இணைப்புகளின் போதாமை ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இவை வீட்டு அஸ்திவாரங்கள் அல்ல என்றாலும், பாகம் நன்றாக இருந்தும் மூட்டு கைவிடுவது எப்படி என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஆலைக்கு எட்டாத மற்றோர் இடம் பீடத்தின் அடி. ஈரக் கான்கிரீட் தான் விழும் தரையின் மேடுபள்ளத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இறுகிய பீடமோ மூன்று நான்கு மேடுகளில் மட்டும் அமர்ந்து, வீட்டின் சுமை ஏற ஏற ஒரு பக்கமாக இறங்கக்கூடும். ஆகவே வானத்தின் அடியைத் திமிசு போட்டு இறுக்கி, 1:4:8 விகிதத்தில் பி.சி.சி. எனப்படும் கம்பியில்லாக் கான்கிரீட்டை ரசமட்டம் பார்த்துப் பரப்பி, அது இறுகிய பின் மெல்லிய சாந்துப் படுகையின் மேல்தான் பீடத்தை வைக்க வேண்டும். விளம்பரத்தின் இரண்டு நாட்கள் இந்த வேலைக்குப் பிறகிருந்தும், கிரவுட் இறுகும் காலத்தை விட்டுவிட்டும் எண்ணப்பட்டவை.

அரசுத் தரப்பின் உறுதிமொழிகளையும் இதே கண்ணோடு நோக்க வேண்டும். பெரும்பாக்கத்தின் 1,152 வீடுகள், ஒன்றிய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தின்கீழ் 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 12 மாதங்களில் முடியும் என்று அறிவிக்கப்பட்டு, இடையில் பெருந்தொற்றும் குறுக்கிட, 2022 மே 26 அன்று திறக்கப்பட்டன. வேகம் மெய்தான்; ஆனால் அது கிரேன்களும் முழுநேரப் பொறியாளர்களும் ஒரே அச்சை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்தும் வாய்ப்பும் சேர்ந்து தந்த வேகம், மூன்று சென்ட் மனையில் பன்னிரண்டு தூண் நிறுத்துபவருக்குக் கைமாற்றித் தரக்கூடியது அன்று. பி.எம்.டி.பி.சி. என்ற ஒன்றிய அரசு அமைப்பு புதிய கட்டுமான முறைகளுக்கு வழங்கும் செயல்திறன் மதிப்பீட்டுச் சான்றிதழும் அம்முறையைப் பற்றியதே. அதைக் காட்டி மண் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்பவர், சான்றிதழில் இல்லாத ஒன்றை அதற்குள் எழுதிப் படிக்கிறார்.

எஞ்சிய கேள்விகள் சுருக்கமாக முடிபவை.

காம்பவுண்டுச் சுவர்த் தூண்களின் மேல் சிறு அறை எழுப்பலாமா? கூடாது, அவை காற்றின் தள்ளலுக்கும் பலகங்களின் எடைக்கும் மட்டுமே வடிவமைக்கப்பட்டவை.

கரிசல் மண்ணுக்கு ஏற்றதா? ஆழமற்ற பீடமாக இருந்தால் இல்லை. மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் அம்மண்ணுக்கு, ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ்போல் விரிந்த அண்டர்ரீம்டு பைல் முறையே உரியது, ஆழமான கரிசலில் அதன் நீளம் 3.5 மீட்டருக்குக் குறையலாகாது.

தூணில்லாமல் செங்கல் சுவரே சுமை தாங்கும் வீட்டுக்கு? சுவரின் முழுச் சுமையையும் அடித்தளத்தின் குட்டைத் தூண்களுக்குத் தூக்கிக் கொடுக்கும் பிளிந்த் பீம் இருந்தால் மட்டும்.

பின்னாளில் மாடி எடுக்கலாமா? அந்தச் சுமையை இன்றைய வரைபடத்திலேயே சேர்த்திருந்தால் எடுக்கலாம்.

பீடத்தின் கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும்? ஐ.எஸ். 456இன்படி 50 மில்லிமீட்டர், ஆலை வார்ப்பென்று கூறிச் சலுகை கேட்க இடந்தராமல்.

ஆர்டர் கொடுக்குமுன் எதைப் பார்ப்பது? கிண்ணத்தின் உட்சுவரையும் தூணின் அடிப்பக்கத்தையும் கையால் தடவி, அவை வரைபடத்தின் கணக்கோடு பொருந்துகின்றனவா என்று பொறியாளரிடம் கேட்பது.

பீடம் இறக்கி, கிரவுட் ஊற்றுமுன் மழை வந்துவிட்டால்? கிண்ணத்தில் தேங்கிய நீரை இறைத்து, அடியில் படிந்த சேற்றை வழித்து, சுவரைக் கழுவித் துடைத்த பிறகே ஊற்ற வேண்டும். தூணை இறக்கிய பின் இது ஏறத்தாழ இயலாத வேலை என்பதால், மழைக்காலத்தில் கிண்ணத்தை மூடியே வைத்திருந்து, தூண் இறங்கும் நாளில் மட்டும் திறக்க வேண்டும்.