ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா... ஆனா ஒண்ணு 10.9, இன்னொண்ணு 10.0! துப்பாக்கி சுடுதலில் ‘லாட் நம்பர்’ ஏன் முக்கியம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷன் பிரிவில் வெண்கலம் வென்றார் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே. ஃபைனலில் அவர் எடுத்த புள்ளிகள் 451.4. அந்த கடைசி ‘.4’ல்தான் விஷயமே இருக்கு. ஃபைனலில் ஒவ்வொரு குண்டுக்கும் தசம புள்ளியில்தான் மார்க். நட்ட நடுவில் பட்டால் 10.9. கொஞ்சம் விலகினால் 10.8, 10.7 என குறைந்துகொண்டே போகும்.

குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, ட்ரிக்கரை அழுத்துவது எல்லாம் வீரர் கையில். ஆனா ட்ரிக்கரை அழுத்திய பிறகு? அதுக்கப்புறம் எல்லாமே தோட்டாவின் கையில்தான். எப்படின்னு பார்ப்போம்.

இலக்கு எவ்வளவு சின்னது?

50 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். நம்ம சட்டை பட்டன் அளவுதான். குண்டின் விட்டம் 5.6 மி.மீ. குண்டின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே 10 கிடைத்துவிடும். அதாவது, குண்டின் மையம் நடுப்புள்ளியில் இருந்து 8 மி.மீ-க்குள் இருக்க வேண்டும். கணக்கு போட்டால், ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.8 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

வேகம் மாறினால் என்ன ஆகும்?

இந்தப் போட்டியில் பயன்படுவது ‘பாயிண்ட் டூ டூ லாங் ரைஃபிள்’ எனப்படும் சின்ன ரகத் தோட்டா. இதன் ஈயக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். உள்ளே இருக்கும் வெடிமருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. போட்டிக்கான தோட்டாக்கள் நொடிக்கு சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். இது ஒலியின் வேகத்தைவிட கொஞ்சம் குறைவு. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒலி வேகத்தைத் தாண்டி, மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும்.

துப்பாக்கியில் இருந்து கிளம்பிய நொடியே புவியீர்ப்பு குண்டைக் கீழே இழுக்க ஆரம்பித்துவிடும். 50 மீட்டர் போவதற்குள் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்கிவிடும். பார்வைக்கருவியை அதற்கேற்ப சரிசெய்து வைத்திருப்பார்கள். அதனால் அது பிரச்னை இல்லை.

பிரச்னை எப்போ வரும்னா, அடுத்த தோட்டா நொடிக்கு 10 மீட்டர் குறைவான வேகத்தில் போனால்தான். இலக்கை அடைய கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் இன்னும் 7 முதல் 8 மி.மீ கீழே இறங்கும். வீரர் துளி தப்பும் செய்யவில்லை. ஆனா 10.9 ஆக வேண்டியது 10.0 ஆகிவிடும்!

அப்போ நாமே அளந்து தயாரிக்க முடியாதா?

பெரிய ரக ரைஃபிள்களில் நீண்ட தூரம் சுடுபவர்கள் வெடிமருந்தைத் தாங்களே தராசில் நிறுத்து தோட்டா தயாரிப்பார்கள். சின்ன ரகத்தில் அது முடியாது. தோட்டாவின் அடிப்பகுதி விளிம்புக்குள்தான் தீப்பொறி தரும் ரசாயனம் இருக்கும். அதை உள்ளே பரப்புவது தொழிற்சாலையில் மட்டுமே நடக்கும் வேலை. ரசாயனம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தாலோ, விளிம்பின் தடிமன் மாறினாலோ, மருந்து பற்றுவதும் மாறும். வேகமும் மாறும். குண்டின் மேல் பூசும் மெழுகுகூட கணக்கில் வரும்.

‘லாட்’ என்றால் என்ன?

ஒரே மூலப்பொருள், ஒரே இயந்திர அமைப்பில் தொடர்ச்சியாகத் தயாரான தோட்டாக்களுக்கு ஒரே எண் கொடுப்பார்கள். அதுதான் லாட் நம்பர். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனா லாட் மாறினால் குண்டு விழும் இடமும் மாறலாம்.

இதில் இன்னொரு சுவாரசியம் இருக்கு. ஒருவருக்கு அற்புதமாக வேலை செய்யும் லாட், இன்னொருவர் துப்பாக்கியில் சுமாராகத்தான் இருக்கும். சுடும்போது பேரல் நுண்ணிய அளவில் அதிரும். ஒவ்வொரு பேரலும் ஒவ்வொரு மாதிரி. அதனால்தான் ‘எந்தத் தோட்டா பெஸ்ட்?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ‘உங்க பேரலுக்கு எது பெஸ்ட்?’ என்றுதான் கேட்க வேண்டும்.

எப்படி சோதிக்கிறார்கள்?

எலி, லாபுவா போன்ற தயாரிப்பாளர்கள் இதற்கென்றே சோதனை மையங்கள் வைத்திருக்கிறார்கள். வீரர் தன் ரைஃபிளுடன் அங்கே போவார். துப்பாக்கியை அசையாமல் இரும்புப் பிடியில் பொருத்தி, ஒவ்வொரு லாட்டிலும் பத்து பத்தாகச் சுடுவார்கள். மனிதக் கை நடுக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று மட்டும் பார்ப்பார்கள்.

ஓட்டைகள் எல்லாம் சுமார் 21 மி.மீ அகலத்துக்குள், அதாவது கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால், அத்தனையையும் 10 புள்ளி ஆக்க முடியும். இன்னும் நெருக்கமாக விழும் லாட் கிடைத்தால், அதிலேயே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். தீர்ந்துபோனால் அதே லாட் மறுபடி கிடைக்காது!

ஏர் ரைஃபிளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஆடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 10 புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ புள்ளி. இங்கே வெடிமருந்து இல்லை. ஆனா பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ என தனித்தனியாக விற்பனைக்கு வரும். எந்த அளவு தன் பேரலுக்குப் பொருந்தும்னு சுட்டுப் பார்த்துதான் எடுப்பார்கள்.

தோட்டாதான் எல்லாமா?

இல்லவே இல்லை. 50 மீட்டரில் காற்று பெரிய வில்லன். அதனால்தான் மைதானத்தில் 10, 30 மீட்டர் தூரங்களில் சின்னக் கொடிகள் கட்டியிருப்பார்கள். நிற்கும் நிலை, ட்ரிக்கர், மனநிலை எல்லாமே முக்கியம். நல்ல தோட்டா யாருக்கும் பதக்கம் வாங்கித் தராது. ஆனா மோசமான தோட்டா, நன்றாகச் சுட்டவரையும் தோற்கடித்துவிடும்.

அதைவிட பெரிய ஆபத்து, வளரும் வீரர்களுக்குத்தான். வெளிநாட்டு மையத்துக்குப் போக முடியாத மாணவர், கிளப்பில் கிடைக்கும் தோட்டாவை வைத்துத்தான் பயிற்சி எடுப்பார். இந்த மாதம் ஒரு லாட், அடுத்த மாதம் வேறு லாட். திடீர்னு ஸ்கோர் குறையும். ‘நம்ம மேலதான் தப்பு’ன்னு நினைத்து, சரியாக இருந்த நிலையையே மாற்றிக்கொள்வார்.

என்ன செய்யலாம்?

* பெட்டியில் இருக்கும் லாட் நம்பரை ஸ்கோருடன் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.
* இரண்டு லாட்டை ஒரே செஷனில் கலக்காதீர்கள்.
* புது லாட் வந்தால், பயிற்சியாளர் மேற்பார்வையில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து சுட்டுப் பாருங்கள்.
* போட்டிக்கான லாட்டை தனியாக எடுத்து வையுங்கள்.

ஸ்கோர் குறைந்தால் முதலில் நோட்டைப் புரட்டுங்கள். மாறியது நீங்களா, பெட்டியா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.