பல்லுக்குப் புள்ளியிடும் கணனி

பல் வைத்தியம் பயிலும் மாணாக்கர் நோயாளியின் வாயில் கை வைப்பதற்கு முன்னர், பொம்மைத் தலை ஒன்றிலே நெடுநாள் பழகுகின்றனர். அதன் வாயிலுள்ள பிளாஸ்டிக் பல் ஒன்றைச் சுற்றிவரக் கடைந்து, மேலே தொப்பி போன்ற உறையொன்றை அணிவிப்பதற்கு ஏற்றவாறு ஆக்குதல் அவர்களுக்கு வைக்கப்படும் கடினமான சோதனைகளுள் ஒன்று.

கடிக்கும் பரப்பில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை நீக்க வேண்டும். குறைந்தால் உறை மெலிந்து உடையும். மிகுந்தாலோ பல்லின் உள்ளேயுள்ள உயிர்க்கூழுக்குக் கேடு வரும். பக்கச் சுவர்கள் மேல்நோக்கிச் சிறிதே ஒடுங்குதல் வேண்டும். ஒடுக்கம் அளவு கடந்தால் உறை கழன்றுவிடும். கடைந்தெடுத்த பல் மீண்டும் வளர்வதில்லையாதலால், பொம்மையிற் செய்த பிழை நாளை ஒரு மனிதர் வாயில் நேரலாகாது.

இத்தனை நுட்பத்தையும் பரீட்சகர் கண்ணாலும் சிறு கருவிகளாலும் பார்த்தே புள்ளியிட்டு வந்தனர். ஒரே பல்லுக்கு இருவர் இடும் புள்ளி பல வேளைகளில் ஒத்திருப்பதில்லை; ஒருவரே சில வாரங்கழித்துப் பார்த்தாலும் வேறு புள்ளி இடுவதுண்டு. கட்டுரைத்தாள் திருத்தும் நம்போன்றோருக்கு இது புதுமையன்று!

ஒளியைக் கொண்டு பல்லின் அச்சை எடுக்கலாம் என்னும் கருத்தை, பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா டூரே 1973இல் தம் ஆய்வேட்டில் வெளியிட்டார். 1985இல் சூரிச் சர்வகலாசாலையில் வேர்னர் மோர்மன், இத்தகைய கமராவின் துணையால் நோயாளி ஒருவரின் பல்லைச் சீர் செய்தார். நோயாளிக்கென எழுந்த அக்கருவியின் வழித்தோன்றல்களே பின்னாளில் மாணாக்கரின் வேலையை அளக்கவும் வந்தன. சிரோனா நிறுவனத்தின் ‘பிரெப்செக்’ என்பது அவற்றுள் ஒன்று.

மாணவன் கடைந்த பல்லைக் கமரா படமெடுக்கும். கணனி அதனை முப்பரிமாண உருவமாக்கி, ஆசிரியர் கடைந்த மாதிரிப் பல்லின் உருவத்தோடு பொருத்தும். மிகுதியாக வெட்டிய இடம் ஒரு நிறத்திலும், குறைய வெட்டிய இடம் வேறொரு நிறத்திலும் தோன்றும். “சுமார்” என்று எழுதித் தாளைத் திருப்பித் தருவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். ஆசிரியர் இல்லாத வேளையிலும் மாணவன் தன் பிழையைத் தானே கண்டு மறுமுறை முயலலாம்.

ஆனால் புள்ளியை முற்றாகக் கணனியிடம் ஒப்படைப்பதை நாம் ஏற்கோம். மாதிரிப் பல்லைத் தெரிந்தவர் மனிதரே. எவ்வளவு வேறுபாட்டைப் பொறுப்பது என்று விதிப்பவரும் மனிதரே. 0.3 மில்லிமீற்றர் வரை பொறுத்தால் தேறும் பல், 0.1 என்று விதித்தால் தவறிவிடக்கூடும். இரு உருவங்களையும் பொருத்தும் முறையை மாற்றினாலும் விடை மாறும். இக்கருவியால் மாணாக்கர் கைத்திறன் உயர்கின்றதா என்பதற்கும் ஆய்வுகள் ஒருமித்த விடை தரவில்லை.

மேலும், முடிந்த பல்லின் வடிவத்தையே கமரா பார்க்கின்றது. மாணவன் எவ்வாறு அமர்ந்தான், சிறு கண்ணாடியைப் பயன்படுத்தினானா, விரலை எங்கே ஊன்றினான் என்பன அதற்குத் தெரியா. பின்புறச் சுவரில் நிறம் மாறியிருப்பதைத் திரை காட்டும். அப்போது அவன் கண்ணாடியைப் பாராது கைப்போக்கில் கடைந்தான் என்பதை, அருகே நின்று பார்த்த ஆசிரியரே சொல்ல வல்லவர்.