கேப்டன் ஜேன்வே செய்தது கொலையா? ரசிகர்களின் சண்டை ஏன் இன்னும் ஓயவில்லை?

ஒருவர் உயிரை எடுத்தால் இருவர் உயிர் திரும்பக் கிடைக்கும்.

அந்த ஒருவரோ எந்தக் குற்றமும் செய்யாதவர். சாக விருப்பமில்லை என்று கெஞ்சுகிறார். முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். என்ன செய்வீர்கள்?

'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' எனும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர் 1996ஆம் ஆண்டு மே மாதம் இந்தக் கேள்வியைக் கேட்டது. ஒரு மணி நேரம்கூட ஓடாத எபிசோட்தான். ஆனால் அதில் கப்பலின் தலைவி எடுத்த முடிவு சரியா தவறா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

கற்பனைக் கதைக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஒரு தலைவரின் தவறை நாம் எப்போது மன்னிக்கிறோம், எப்போது மன்னிக்க மறுக்கிறோம்?

யார் இந்த ஜேன்வே?

'வாயேஜர்' தொடர் 1995 முதல் 2001 வரை 7 பருவங்களாக ஒளிபரப்பானது. 'ஸ்டார் டிரெக்' வரிசையில் ஒரு பெண் கேப்டனை மையமாக வைத்து வந்த முதல் தொடர் அதுதான். கேத்ரின் ஜேன்வேயாக நடித்தவர் கேட் மல்குரூ.

கதை இதுதான்: வாயேஜர் விண்கப்பல் பூமியிலிருந்து சுமார் 70,000 ஒளியாண்டு தூரத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. வேகமாகப் போனாலும் வீடு திரும்ப ஏறக்குறைய 75 ஆண்டு ஆகும்.

தலைமையகத்தைக் கேட்கலாம் என்றால் தொடர்பே இல்லை. மேலதிகாரி இல்லை. நீதிமன்றம் இல்லை. கப்பலில் இருக்கும் சுமார் 150 பேருக்கும் ஜேன்வே சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அப்படி என்னதான் நடந்தது?

டூவாக், நீலிக்ஸ் இருவரும் ஒரு கோளில் செடிகளைச் சேகரிக்கப் போகிறார்கள். டூவாக் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி. சிரிப்பே வராத ஆள். நீலிக்ஸ் சமையல்காரர், வாய் ஓயாது பேசுவார்.

ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவி வழியாகத் திரும்பும்போது விபத்து. இரண்டு பேர் போனார்கள். ஒருவர்தான் வந்து நிற்கிறார். இருவரின் நினைவுகளும் திறமைகளும் கலந்த புது மனிதர். தமக்கு டூவிக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்.

நாள் போகப் போக டூவிக்ஸை எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. வேலையிலும் கெட்டி, சமையலிலும் கெட்டி.

பிறகு மருத்துவர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். டூவிக்ஸைப் பிரித்துப் பழைய இருவரையும் மீட்கலாம். ஆனால் டூவிக்ஸ் இருக்க மாட்டார்.

டூவிக்ஸ் மறுக்கிறார். கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து உதவி கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மருத்துவரும் கைவிரித்துவிடுகிறார். ஒருவரின் விருப்பத்துக்கு எதிராக அவர் உயிரை எடுக்க மாட்டேன் என்பது அவர் நிலை. அதனால் ஜேன்வே தம் கையாலேயே கருவியை இயக்குகிறார். டூவாக்கும் நீலிக்ஸும் உயிரோடு எழுகிறார்கள். ஜேன்வே அறையைவிட்டு வெளியேறி, பேச்சில்லாமல் நடந்து போகிறார். அவ்வளவுதான், எபிசோட் முடிந்தது.

ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்?

பொதுவாக மூன்று அணிகள்.

முதல் அணி: "இது கொலை. வேற பேச்சே இல்ல." டூவிக்ஸ் தனி உயிர். அவர் பிறந்தது விபத்தில் என்பதற்காக வாழும் உரிமை குறைந்துவிடுமா என்பது இவர்களின் கேள்வி.

இரண்டாவது அணி: "அந்த ரெண்டு பேரும் பாவம் இல்லையா?" டூவாக்குக்கு ஊரில் மனைவி, பிள்ளைகள். நீலிக்ஸை நேசிக்கும் பெண் அதே கப்பலில் அழுதுகொண்டிருக்கிறார். காணாமற்போன இருவருக்காகப் பேச கேப்டனை விட்டால் யார்?

மூன்றாவது அணி: "ஜேன்வேய திட்டாதீங்க, எழுதினவங்கள திட்டுங்க." பெரிய கேள்வியைக் கிளப்பிவிட்டு, அதன் பின்விளைவைக் காட்டாமல் நழுவியது கதாசிரியர்கள் என்பது இவர்களின் வாதம். அடுத்த வாரம் வந்த எபிசோடில் டூவிக்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதல் இரண்டு அணிகளின் சண்டை தத்துவத்தில் பழையது. ஓடும் டிராலி வண்டியைத் திருப்பிவிட்டால் ஐவர் பிழைப்பர், ஒருவர் இறப்பார் என்ற புதிரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை 1967இல் முன்வைத்தவர் பிரிட்டிஷ் தத்துவவியலாளர் ஃபிலிப்பா ஃபுட்.

பின்னர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் எனும் அமெரிக்கத் தத்துவவியலாளர் இன்னொரு கேள்வியையும் சேர்த்தார். நலமாக இருக்கும் ஒருவரின் உறுப்புகளை எடுத்து ஐந்து நோயாளிகளைப் பிழைக்கவைக்கலாமா? வண்டியைத் திருப்பலாம் என்று சொல்லும் பலரும் இதற்கு மட்டும் "ஐயோ, கூடாது" என்பார்கள். கணக்கு ஒன்றுதான். ஆனால் மனம் ஒப்புவதில்லை.

டூவிக்ஸின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் விவாதம் முடிவதில்லை.

சிஸ்கோவை மட்டும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

அதே 'ஸ்டார் டிரெக்' வரிசையில் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்று இன்னொரு தொடர். அதன் கேப்டன் சிஸ்கோவாக நடித்தவர் ஏவரி புரூக்ஸ். 1998 ஏப்ரலில் வந்த ஓர் எபிசோடில், தோற்றுக்கொண்டிருக்கும் போரில் ரோமுலன்களைத் தம் பக்கம் இழுக்க சிஸ்கோ பொய் ஆதாரம் தயாரிக்கிறார். லஞ்சம் கொடுக்கிறார். அவர் கூட்டாளி கடைசியில் ரோமுலன் செனட்டர் ஒருவரையும், பொய் ஆதாரத்தைத் தயாரித்தவரையும் கொன்றுவிடுகிறார். விவரம் தெரிந்த பிறகும் சிஸ்கோ உண்மையை வெளியிடவில்லை.

ரசிகர்கள் கொதித்தார்களா? இல்லை. 'ஸ்டார் டிரெக்'கின் மிகச் சிறந்த எபிசோட்களில் ஒன்று என்று இன்றும் புகழ்கிறார்கள். சிஸ்கோ செய்தது சரி என்று எல்லாரும் சொல்வதில்லை. ஆனால் அவரைப் புரிந்துகொள்கிறார்கள்.

என்ன வித்தியாசம்? சிஸ்கோ நம்மிடம் பேசுகிறார். அந்த எபிசோட் முழுக்க அவர் தம் சொந்தப் பதிவேட்டில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் அமைந்தது. கேமராவை நேராகப் பார்த்து, எந்தப் படியில் எப்படி வழுக்கினேன் என்று சொல்கிறார். ஜேன்வேயோ ஒரு வார்த்தை பேசாமல் நடந்துவிடுகிறார்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். சிஸ்கோ மனம் திறந்தது நம்மிடம் மட்டும்தான். அவர் உலகத்தில் வேறு யாரிடமும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பதிவையும் அழித்துவிடுகிறார்!

ஜேன்வே எதையும் மறைக்கவில்லை. டூவிக்ஸின் வாதத்தைக் கேட்டார். முடிவை எல்லார் முன்னாலும் நிறைவேற்றச் செய்தார். செய்ய ஆள் இல்லாதபோது பழியை வேறு யார் தலையிலும் போடாமல் தாமே செய்தார்.

தம் குழுவிடம் வெளிப்படையாக நடந்தவர் ஜேன்வே. பார்வையாளரிடம் உருக்கமாகப் பேசியவர் சிஸ்கோ. நம் அனுதாபம் போனது யாரிடம்?

பெண் என்பதாலா?

அதுவும் ஒரு காரணம் என்று வாதிடும் ரசிகர்கள் உண்டு. 1960களின் கேப்டன் கர்க் விதிகளை மீறினால் துணிச்சல். ஜேன்வே மீறினால் பிடிவாதம். இப்படி இரண்டு அளவுகோல் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் ஜேன்வே மீதான விமர்சனம் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. 1999இல் வந்த இரண்டு பாகக் கதை ஒன்றில், எதிரிக் கப்பல் ஊழியர் ஒருவரிடமிருந்து தகவல் பெற, அவர் உயிரையே பணயம் வைக்கிறார் ஜேன்வே. தடுத்த துணைத் தலைவர் சக்கோட்டேயைப் பதவியிலிருந்து விலக்கிவைக்கிறார்.

மேலே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். தட்டிக்கேட்க யாருமில்லாத இடத்தில் நல்ல தலைவரும் எவ்வளவு தூரம் போவார் என்பதை அந்தக் கதை காட்டுகிறது. பிரச்சினை ஜேன்வேயின் குணம் மட்டுமல்ல. 'வேண்டாம்' என்று சொல்ல அதிகாரம் உள்ள ஆள் அந்தக் கப்பலில் இல்லை.

அப்படியானால் ரசிகர்கள் அவரை வெறுக்கிறார்களா?

அதுதான் இல்லை!

ஜேன்வே எதிர்காலத்தில் பிறக்கப்போவதாகக் கதை சொல்லும் ஊர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் புளூமிங்டன். ரசிகர்கள் பணம் திரட்டி, 2020 அக்டோபரில் அங்கே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இன்னும் பிறக்காத ஒருவருக்குச் சிலை!

2015இல் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குக் காப்பி இயந்திரம் அனுப்பப்பட்டபோது, இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி 'ஸ்டார் டிரெக்' சீருடையில் படம் எடுத்துப் பதிவிட்டார். கூடவே, காப்பிப் பிரியையான ஜேன்வேயின் வசனம் ஒன்று.

தயாரிப்பாளர்களும் டூவிக்ஸை மறக்கவில்லை. 2023இல் 'லோயர் டெக்ஸ்' எனும் நகைச்சுவைக் கேலிச்சித்திரத் தொடரில் அதே விபத்து வேறொரு கப்பலில் நடக்கிறது. அப்போது ஜேன்வே என்ன செய்தார் என்று பழைய பதிவில் பார்ப்பவர்கள் திகைத்துப்போகிறார்கள்.

ஆக, சிலை வைக்கவும் தெரியும், கேள்வி கேட்கவும் தெரியும். ஒரே தலைவரிடம் இரண்டையும் செய்யலாம் என்பதற்கு இந்த ரசிகர்கள் நல்ல உதாரணம்.

நாம் எதைக் கவனிக்கலாம்?

திரையில் வரும் தலைவரோ நிஜத் தலைவரோ, அடுத்த முறை ஒருவரை மன்னிக்கும்போதோ திட்டும்போதோ மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

- அவர் செய்ததை வைத்து முடிவு செய்கிறேனா, அவர் பேசிய விதத்தை வைத்தா?
- அவரைத் தடுக்கக்கூடியவர் யாராவது அங்கே இருந்தார்களா?
- இதையே எனக்குப் பிடித்த இன்னொருவர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

முடிந்தால் அந்த இரண்டு எபிசோட்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் ஜேன்வே, பிறகு சிஸ்கோ. நண்பர்களோடு பார்த்தால் இன்னும் நல்லது.

ஆனால் இரவு சீக்கிரம் தூங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டூவிக்ஸ் பேச்சு ஆரம்பித்தால் லேசில் முடியாது!