ஆவியிலிருந்து வரும் ஜோடி ஒளி!



ஆவின்னதும் பேய்னு பயந்துடாதீங்க. இது ருபீடியம் என்ற உலோகத்தின் ஆவி. சுமார் 39 டிகிரியிலேயே உருகிவிடும். நம்ம மணிமங்கலம் மே மாச வெயிலே போதும்! ஆனால் காற்று பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீரில் வெடிக்கும். அதனால் மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் வைத்துச் சூடாக்குவார்கள்.

எதற்கு இது? ஒளி, ஃபோட்டான் என்ற துகள்களாக வருகிறது. ரகசியச் செய்தியை ஒரே ஒரு ஃபோட்டானில் அனுப்பினால், நடுவில் எட்டிப் பார்ப்பவன் மாட்டிக்கொள்வான். ஆனால் லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும் பல சமயம் ஒன்றும் வராது, சில சமயம் இரண்டு வந்துவிடும். இரண்டு வந்தால் திருடன் ஒன்றை எடுத்துக்கிட்டு மற்றதை விட்டுடுவான். நமக்குத் தெரியவே தெரியாது! சரி, ‘இப்போ ஒன்று இருக்கு’ என்று யார் சொல்வது?

இங்கேதான் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் வருகிறார். நாம் அறிவியல் தினம் கொண்டாடும் பிப்ரவரி 28, அவர் 1928-இல் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்ட நாள். கூட உழைத்தவர் வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன். (இவர் பெயரை யாரும் சொல்வதில்லை!) ஒரு பொருளில் பட்ட ஒளி, கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வரும். சில சமயம் ஆற்றலை வாங்கிக்கொண்டும் வரும்.

ஆவியிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். சைக்கிள் ஸ்டாண்டை நினைச்சுக்கோங்க. டோக்கன் கையில் இருந்தால் சைக்கிள் உள்ளே இருக்குன்னு அர்த்தம். முதல் லேசர் பட்டு வெளியே வரும் ஃபோட்டான்தான் டோக்கன். அது விட்டுச்சென்ற ஆற்றல் ஆவிக்குள் நிற்கும். எந்த அணுவில்? எனக்குப் பிடித்ததே இதுதான்! கோடானுகோடி அணுக்கள் சேர்ந்து அதை வைத்திருக்கின்றன. இதுதான் என்று ஒன்றைக் காட்டவே முடியாது. இரண்டாவது லேசரைக் காட்டினால் ஜோடி ஃபோட்டான் வெளியே வரும்.

2003-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சூடான ருபீடியம் ஆவியில் செய்து பார்த்தார்கள். முதலில் வந்த ஒளியும் பிறகு வந்த ஒளியும் எண்ணிக்கையில் ஒத்துப்போயின. 2005-இல் ஒற்றை ஃபோட்டான் அளவுக்கே கொண்டுவந்தார்கள்.

ஒரு தொல்லை உண்டு. சூட்டில் அணுக்கள் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் ஓடும். ஒரகடம் ரோட்டு கன்டெய்னர் லாரியெல்லாம் தோத்துடும்! ஓடிப்போய்க் கண்ணாடியில் மோதினால் வைத்திருந்ததை மறந்துவிடும். டோக்கன் இருந்தும் சைக்கிள் வராது. அதனால் நியான் போன்ற வாயுவைக் கூட்டமாக உள்ளே அடைப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஓட முடியாத மாதிரி, அணுக்கள் மெதுவாகத்தான் நகரும். குளிரவைத்தால் ஓடாதே என்று கேட்கலாம். அதற்குப் பெரிய பெரிய கருவிகள் வேண்டும். இதற்கு ஒரு குப்பி, ஒரு ஹீட்டர், லேசர்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி