மந்திர சக்தி கிடைத்தால் மனிதன் என்ன ஆவான்?

மாலை ஆறரை மணி. தாதரில் மின்சார வண்டியில் ஏறி, ஒரு கையால் மேலே தொங்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையில் டிபன் பையை நசுங்காமல் தூக்கிப் பிடித்தபடி கல்யாண் வரை நின்று கொண்டே போகிறவருக்கு ஒரு கற்பனை வருவது சகஜம். "யார் கண்ணுக்கும் தெரியாமல் உலாவ ஒரு மோதிரம் கிடைத்தால்? நினைத்ததை நடத்தும் வரம் ஒன்று கிடைத்தால்?"

முதலில் உட்கார ஓர் இடம் வேண்டும். அடுத்தது, காலையில் நாலு பேர் முன்னால் ஏசிய மேலதிகாரி உட்காரப் போகும் சமயம் பார்த்து அவருடைய நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிறகு ஊர்க் கடன், தங்கை கல்யாணம், ஓட்டு வீட்டை மச்சு வீடாக்குவது. அதன் பிறகு, "இந்த உலகத்தையே ஒழுங்குபடுத்திவிட்டால் என்ன?" வண்டி டோம்பிவிலி வருவதற்குள் மனிதர் ஒரு சாம்ராஜ்யத்தையே ஆண்டு முடித்துவிடுகிறார்!

இந்தக் கனவில் தவறு ஒன்றும் இல்லை. காசு செலவில்லாத பொழுதுபோக்கு. ஆனால் கனவு போகும் வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் தேவை, அடுத்தது பழி வாங்குதல், கடைசியில் ஆட்சி. மந்திர சக்தி பெற்ற மனிதர்களைப் பற்றி உலகத்துக் கதாசிரியர்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அவர்களும் பெரும்பாலும் இதே வரிசையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

"நான் பலவீனன்" என்றவன்

வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் நம் மகாபாரதத்திலேயே தொடங்கலாம். உத்தியோக பருவத்தில் சல்லியன் தருமபுத்திரருக்கு ஒரு கதை சொல்கிறான். அது நகுஷன் கதை.

விருத்திராசுரனைக் கொன்ற பாவத்துக்கு அஞ்சிய இந்திரன், எங்கோ ஒரு தாமரைத் தண்டுக்குள் போய் ஒளிந்து கொண்டான். தேவலோகத்துக்கு ராஜா இல்லை. தேவர்களும் ரிஷிகளும் கூடி யோசித்து, பூலோகத்தில் நல்ல பெயர் எடுத்திருந்த சந்திர வம்சத்து அரசன் நகுஷனிடம் வந்தார்கள். "நீர் இந்திரனாக இருக்க வேண்டும்" என்றார்கள். நகுஷன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் பலவீனன். உங்களைக் காக்கும் சக்தி எனக்கு ஏது?" என்றான்.

அவன் பொய்யாக அடக்கம் காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தான். அதனால்தான் தேவர்கள் தங்கள் தவ வலிமையை அவனுக்குக் கொடுத்ததோடு ஒரு வரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவன் கண் எதிரே யார் வந்தாலும், தேவரோ அசுரரோ முனிவரோ, அவர்களுடைய தேஜஸ் அவனுக்கு வந்து சேர்ந்துவிடும். அதாவது அவன் முன்னால் நிற்கிறவன் யாராக இருந்தாலும் பலம் இழந்துவிடுவான். வினை இந்த வரத்தில்தான் இருந்தது.

கொஞ்ச காலம் தரும வழியில் ஆண்டான். பிறகு நந்தவனங்களும் ஆடல் பாடலுமாகப் பொழுது போயிற்று. ஒரு நாள் இந்திராணியைப் பார்த்தான். "இந்திர பதவி எனக்கு என்றால் இந்திராணியும் எனக்குத்தானே?" என்று கேட்டான். அவள் பிருகஸ்பதியிடம் அடைக்கலம் புகுந்தாள். தேவர்கள் பயந்து பயந்து புத்தி சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. கடைசியில் இந்திரன் சொல்லிக் கொடுத்த யோசனைப்படி, "ரிஷிகள் சுமக்கும் பல்லக்கில் ஏறி வாரும்" என்று இந்திராணி சொல்லி அனுப்பினாள்.

நகுஷன் ஒரு கணமும் தயங்கவில்லை. மகரிஷிகளின் தோளில் பல்லக்கை ஏற்றினான். நம் ஊர்க் கதாகாலட்சேபங்களில் இதைச் சுவையாகச் சொல்வார்கள். பல்லக்குத் தூக்கியவர்களில் அகத்தியர் குள்ளமானவர், மெல்ல நடந்தார். நகுஷன் பொறுமை இழந்து, "ஸர்ப்ப, ஸர்ப்ப" என்றான். வடமொழியில் "விரைந்து போ" என்று அர்த்தம். கூடவே காலால் அவர் தலையில் ஓர் உதை. "ஸர்ப்பமாகவே போ" என்று சபித்தார் முனிவர். மலைப்பாம்பாகப் பூமியில் விழுந்தான் நகுஷன்.

"நான் பலவீனன்" என்று சொன்ன அதே வாய்தான் "வேகமாகப் போ" என்றும் சொன்னது. நடுவில் அவனுக்கு என்ன நேர்ந்தது? எதிரே வந்தவர் எல்லாரும் பலம் இழந்தார்கள். ஆகவே "இது தகாது" என்று உரக்கச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அவன் கெட்டதற்குக் காரணம் அதுதான்.

இடையன் எடுத்த மோதிரம்

கிரேக்க நாட்டு ஞானி பிளேட்டோ சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய "குடியரசு" என்ற நூலில் ஒரு மோதிரக் கதை வருகிறது. லிடியா என்பது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ராஜ்யம். அங்கே ஓர் இடையன் அரசனின் ஆடுகளை மேய்த்து வந்தான். பெருமழையும் பூகம்பமும் வந்து நிலம் பிளந்தது. உள்ளே இறங்கிப் பார்த்தால் வெண்கலக் குதிரை. அதற்குள் ஒரு பிணம். பிணத்தின் விரலில் தங்க மோதிரம்.

மந்தைக் கணக்கு ஒப்புவிக்க இடையர்கள் மாதந்தோறும் கூடுவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மோதிரத்தின் முகப்பைத் தற்செயலாக உள்பக்கம் திருப்பினான். உடனே மற்றவர்கள், அவன் அங்கே இல்லாதது போலப் பேச ஆரம்பித்தார்கள். வெளிப்பக்கம் திருப்பினான், மறுபடி தெரிந்தான். ரகசியம் புரிந்தது. கணக்குச் சொல்லும் தூதர்களில் ஒருவனாக அரண்மனைக்குள் நுழைந்தான். ராணியை வசப்படுத்தினான், ராஜாவைக் கொன்றான், சிம்மாசனத்தில் ஏறினான்.

கதையைச் சொல்லும் கிளாக்கன் கேட்கும் கேள்வி கூர்மையானது. நல்லவன் ஒருவனுக்கும் கெட்டவன் ஒருவனுக்கும் இப்படி ஆளுக்கொரு மோதிரம் கொடுத்தால், இரண்டு பேரும் ஒரே வழியில்தானே போவார்கள்? மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தானே நம்மை நல்லவர்களாக வைத்திருக்கிறது? இதற்கு சாக்ரட்டீஸ் சொல்லும் பதில் நூல் முழுதும் நீள்கிறது. சுருக்கம் இதுதான்: மோதிரத்தை இஷ்டப்படி பயன்படுத்துகிறவன் உலகத்துக்கு ராஜாவாகலாம், ஆனால் தன் ஆசைக்கு அடிமையாகிவிடுகிறான்.

குளிரில் நடுங்கிய மாய மனிதன்

1897-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் "கண்ணுக்குத் தெரியாத மனிதன்" என்ற நாவலை வெளியிட்டார். கதாநாயகன் கிரிஃபின் ஒரு விஞ்ஞானி. மந்திரம் இல்லை, ஆராய்ச்சியால் உருவத்தை மறைக்கிறான். ஆராய்ச்சிச் செலவுக்குத் தகப்பனாரிடமிருந்தே பணத்தைத் திருடுகிறான். அது தகப்பனாரின் சொந்தப் பணம் அல்ல. அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்து போகிறார். மகனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

சக்தி கிடைத்ததும் அவன் துள்ளிக் குதிக்கிறான். ஆனால் வெல்ஸ் அதன் விலையையும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். உடல்தான் மறைந்தது, உடுப்பு மறையவில்லை. ஆகவே லண்டன் குளிரில் ஆடையில்லாமல் திரிய வேண்டும். சேற்றில் பதியும் காலடி காட்டிக் கொடுக்கும். சாப்பிட்ட சோறு செரிக்கும் வரை வயிற்றில் தெரியும்! பசியும் குளிருமாக அலைகிறவன், "கஷ்டப்படுகிறேன், உதவி செய்யுங்கள்" என்று கேட்கவில்லை. எல்லாரையும் பயமுறுத்தி ஆளப் போவதாகக் கிளம்புகிறான். கடைசியில் ஊர் ஜனங்கள் திரண்டு அவனை அடித்துக் கொல்கிறார்கள். உயிர் போன பிறகுதான் அவன் உடம்பு மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறது.

தோட்டக்காரனுக்கு ஒரு தோட்டம் போதும்

அப்படியானால் சக்தி கிடைத்தவர் எல்லாருமே கெட்டுத்தான் போக வேண்டுமா? இதற்கு நல்ல பதில் சொன்னவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 1954-லிலும் 1955-லிலும் மூன்று பாகங்களாக வந்த அவருடைய "மோதிரங்களின் தலைவன்" கதை, 2001 முதல் 2003 வரை மூன்று திரைப்படங்களாகவும் வந்து உலகமெங்கும் ஓடியது.

அதில் வரும் மோதிரத்தை முதலில் பார்க்கிறவன் ஸ்மீகல் அல்ல, அவன் நண்பன். "இன்று எனக்குப் பிறந்தநாள், அதைக் கொடு" என்கிறான் ஸ்மீகல். நண்பன் மறுக்கிறான். கழுத்தை நெரித்துக் கொன்று மோதிரத்தை எடுத்துக் கொள்கிறான். மறைந்து நின்று மற்றவர்களின் ரகசியங்களை ஒட்டுக் கேட்கிறான். உறவினர் வெறுத்து விரட்டுகிறார்கள். மலைக் குகையின் இருட்டில், நூற்றுக்கணக்கான ஆண்டுகள், தனக்குத் தானே பேசிக்கொண்டு கிடக்கிறான்.

அதே மோதிரத்தை "எடுத்துக் கொள்ளுங்கள்" என்று மந்திரவாதி காண்டால்ஃபிடம் நீட்டுகிறான் கதாநாயகன் ஃபிரோடோ. அவர் பதறிப் போய் மறுக்கிறார். நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசையும், எளியவர்கள்மேல் உள்ள இரக்கமுமே தன்னை வழிதவற வைத்துவிடும் என்று பயப்படுகிறார். கெட்ட எண்ணத்தைவிட, "நான் நல்லவன், நான் செய்வதெல்லாம் நல்லதற்கே" என்ற எண்ணம் அபாயமானது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபிரோடோவின் வேலைக்காரன் சாம் ஒரு தோட்டக்காரன். எஜமான் இறந்துவிட்டதாக நினைத்து மோதிரத்தைச் சில காலம் அவன் சுமக்க நேருகிறது. மோதிரம் அவனுக்கும் ஆசை காட்டுகிறது. பெரும் படைக்குத் தலைவனாகி, பாலைவனத்தையே பூந்தோட்டமாக மாற்றும் காட்சி அவன் கண் முன் விரிகிறது. சாம் அதைப் பார்க்கிறான். பிறகு தன் அளவு அவனுக்கு நினைவு வருகிறது. தன் கையால் வேலை செய்ய ஒரு சின்னத் தோட்டம் போதும், ஊராரை ஏவி ஆளும் ராஜ்யம் எதற்கு? எஜமான் உயிரோடு இருப்பது தெரிந்ததும் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

அவனைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, எஜமான்மேல் வைத்த அன்பு. இன்னொன்று, "எனக்கு இவ்வளவு போதும்" என்ற தெளிவு. இன்னொரு நுட்பத்தையும் டோல்கீன் மறைக்கவில்லை. அத்தனை நல்லவனான ஃபிரோடோவே, மோதிரத்தை எரிக்க வேண்டிய நெருப்பின் விளிம்பில் நின்று, "இது என்னுடையது" என்று சொல்லிவிடுகிறான். அதிக நாள் சுமந்தால் நல்லவனும் தப்புவதில்லை.

சிவப்பு வெளிச்சம்

நம் மும்பையில் தயாரான "மிஸ்டர் இந்தியா" படம் பலருக்கு நினைவிருக்கும். சேகர் கபூர் இயக்கத்தில் அனில் கபூர் நடித்து 1987-ல் வந்தது. பாக்யராஜ் நடிக்க "என் ரத்தத்தின் ரத்தமே" என்று தமிழிலும் வந்தது. அனாதைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கடையில் பாக்கியோடு திண்டாடும் ஏழைக்கு, கையில் கட்டினால் உருவம் மறையும் கருவி கிடைக்கிறது. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் அவன் தெரிந்துவிடுவான்.

அது கதைக்காக வைத்த தந்திரம்தான். என்றாலும் யோசிக்க வேண்டிய விஷயம். அந்த மனிதன் கெட்டுப் போகாததற்கு ஒரு காரணம், வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கும் குழந்தைகள். எத்தனை பெரிய சக்தி வந்தாலும் இரவு திரும்பிப் போய் நிற்க வேண்டிய ஒரு வாசல் அவனுக்கு இருந்தது. கிரிஃபினுக்கும் ஸ்மீகலுக்கும் அது இல்லை.

குழாய்ச் சாவி

"மோதிரமும் இல்லை, வரமும் இல்லை, எங்களுக்கு எதற்கு ஐயா இந்தக் கதையெல்லாம்?" என்று கேட்கலாம்.

மோதிரம் இல்லைதான். ஆனால் சால் வீடுகளில் தண்ணீர்க் குழாயின் சாவி யாரோ ஒருவரிடம் இருக்கிறது. ஆபீசில் விடுப்புக் கடிதத்தை மேலே அனுப்பும் மேஜை ஒருவருடையது. பட்டறையில் ராத்திரி ஷிப்டு யாருக்கு என்று எழுதும் பென்சில் ஒரு மேஸ்திரியிடம் இருக்கிறது. அந்த மேஸ்திரி பத்து வருஷத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியவராக இருக்கலாம். அன்று "அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னவராக இருக்கலாம். இன்று ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் மெல்ல நடந்தால், "ஸர்ப்ப, ஸர்ப்ப" என்கிறார். பாஷைதான் வேறு.

மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. முதல் வாரம் தன் வீட்டுக்கு மட்டும் ஐந்து நிமிஷம் கூடுதலாகத் தண்ணீர். யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம், சண்டை போட்டவன் வரிசைக்கு ஐந்து நிமிஷம் குறைவு. அவன் முணுமுணுத்தான், உரக்கக் கேட்கவில்லை. மூன்றாவது மாதம், எல்லாரும் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்கிறார்கள். சாவி வைத்திருப்பவர் அதை மரியாதை என்று நினைத்துக் கொள்கிறார். தம் எதிரே வந்தவர்கள் பலம் இழந்து நிற்பது அவர் கண்ணில் படுவதில்லை.

பல்லக்கில் உட்கார்ந்தவனுக்கு, முன்னே சுமந்து போகிறவர்களின் தலைதான் தெரியும். முகம் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும்.

நகுஷன் கதைக்கு ஒரு முடிவு உண்டு. பல காலம் கழித்து, பாண்டவர்கள் வனவாசத்தில் இருந்தபோது, அந்த மலைப்பாம்பு பீமனைச் சுற்றி வளைத்துப் பிடித்தது. அத்தனை பலசாலியான பீமனாலும் அசைய முடியவில்லை. பழைய வரம் அப்போதும் வேலை செய்தது. தேடி வந்த தருமபுத்திரர் வில்லை எடுக்கவில்லை. பாம்பு கேள்வி கேட்டது. அவர் நிதானமாகப் பதில் சொன்னார். பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் ஆவதில்லை, சத்தியமும் ஈகையும் பொறுமையும் நல்லொழுக்கமுமே உயர்த்தும் என்றார். இந்தப் பேச்சின் முடிவில்தான் நகுஷனுக்குச் சாபம் தீர்ந்தது. செல்வமும் பதவியும் அறிவாளியையும் மயக்கிவிடும் என்று அவனே ஒப்புக்கொண்டு விடைபெற்றான்.

தன் முன்னால் பலம் இழக்காமல், பயப்படாமல் பேசிய ஒரு மனிதரைச் சந்தித்த அன்றுதான் அவனுக்கு விமோசனம். நம்மிடம் சின்னதோ பெரியதோ ஒரு சாவி வந்து சேரும்போது, "அண்ணே, நீங்க செய்யறது சரியில்லே" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு தம்பியோ, மனைவியோ, பழைய கூட்டாளியோ பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் சொல்வது அன்றைக்குக் கசக்கும். சாவி கையை விட்டுப் போன பிறகும், வாசலில் நின்று "வாங்க, டீ சாப்பிடலாம்" என்று கூப்பிடப் போகிறவரும் அவர்தான்.