கிட்டார் கழுத்து வளைந்தால் தூக்கிப் போடணுமா?

புளியந்தோப்பில் அக்கா வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. அக்கா பையனின் எலெக்ட்ரிக் கிட்டார் அங்கேதான் சுவரில் தொங்கும். போன மாதம் போயிருந்தபோது முகம் வாடி உட்கார்ந்திருந்தான். "மாமா, நெக் வளைஞ்சிடுச்சு. வேற நெக்தான் போடணுமாம், ஆறாயிரம் கேக்குறாங்க." கிட்டாரே ஏழாயிரத்துக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட். டெலிவரி வேலை பார்த்துச் சேர்த்த காசு. கானா குழு ஒன்றில் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தான்.

எனக்கு உடனே என் கல்லூரிக் கிட்டார் ஞாபகம் வந்தது. அதன் கழுத்தும் இப்படித்தான் வளைந்தது. துருப்பிடித்த நட்டை ஒரே மூச்சில் முறுக்கினேன். உள்ளே 'டக்' என்றது. கதை முடிந்தது. அன்று எனக்குத் தெரியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஆறு கம்பிகளையும் வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் கழுத்தின் மேல் சுமார் 45 கிலோ இழுவிசை இருக்கும். இரவும் பகலும், வருஷக்கணக்கில். அதோடு தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறையின் வெக்கையும், பக்கத்துக் கடலின் ஈரமும் சேர்ந்தால் எந்த மரமும் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுக்கும்.

இதைச் சமாளிக்கத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. கிப்சன் கம்பெனியின் தாடியஸ் மெக்ஹியூ, முறுக்கிச் சரிசெய்யக்கூடிய ராடுக்கு 1923-ல் காப்புரிமை பெற்றார். 1950-ல் லியோ ஃபெண்டர், மேப்பிள் மரத்துக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைத்து ராட் இல்லாமலே சில கிட்டார்களை விற்றார். கழுத்துகள் வளைந்தன. அதே வருஷம் அவரும் ராட் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆக, வளைவது குற்றமில்லை. எந்த மாதிரி வளைவு என்பதுதான் கேள்வி.

கிட்டாரை சுருதி சேர்த்து, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுத்துக் கட்டிய கம்பியைவிட நேரான அளவுகோல் வேறு கிடையாது. ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. அதிகம் இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. நடுவில் கம்பி உயர்ந்து, அழுத்த விரல் வலிக்கும். இடைவெளியே இல்லையென்றால் பின்பக்க வளைவு. முதல் சில ஃப்ரெட்டுகளில் 'ஙீ' என்று இரையும்.

அளக்க எங்கே போவது? தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் வால்வு, பிளக் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் இருந்தது. அதை வாங்கி வந்து அளந்தோம். 0.9 மில்லிமீட்டர். நல்ல முன்வளைவு.

அப்புறம் பாலம் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரு விளிம்புகளையும் பார்த்தோம். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தன. ஒன்று நேராகவும் மற்றது வளைந்தும் இருந்தால் அது முறுக்கு. சாதாரண ட்ரஸ் ராடால் முறுக்கு தீராது.

இனி வேலை. நட்டில் சரியாக உட்காரும் ஆலன் கீ வேண்டும், பெரும்பாலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர். லொடலொடவென்று இருந்தால் நட்டின் மூலை மழுங்கிவிடும். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, நட்டை நேராகப் பார்த்தபடி வலப்பக்கம் கால் சுற்று. அவ்வளவுதான். முன்வளைவுக்கு வலம், பின்வளைவுக்கு இடம். மறுபடி சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டு, மறுபடி அளக்கணும். மரம் சொன்னவுடன் கேட்காது, அதற்கு நேரம் கொடுக்கணும். நட்டு அடம்பிடித்தால் நிறுத்துங்கள். நான் அன்று நிறுத்தவில்லை.

மூன்று நாளில் முக்கால் சுற்று. அளவு 0.3-க்கு வந்தது. செலவு: ஆலன் கீ மட்டும்.

கடையில் சொன்னது பொய் என்று சொல்ல வரவில்லை. முறுக்கு இருந்தாலோ, ராட் கடைசிவரை இறுகியிருந்தாலோ கழுத்தை மாற்ற வேண்டி வரலாம். ஆனால் அளந்து பார்த்த பிறகுதான் அந்த முடிவு வரணும்.

இப்போது கிட்டார் கீழ் அறையில், உறைக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து விசேஷத்தில் வாசித்தானாம். ஃபீலர் கேஜை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மெக்கானிக் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.